ஸ்ட்ராஸ்பூர்க்கில் நான்கு மணி

வசந்தமலர் பொய் சொல்வாள் என்றால் கோலியர்ஸ் வுட்டில் நம்ப ஆள் கிடையாது. பதினாறு வருடமாக அங்கே ஒரு பல் வைத்தியசாலையின் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். நோகாது என்று அவள் சொன்னால் சின்னப் பிள்ளைகள்கூட வாயைத் திறக்கும். அப்படிப்பட்டவள் வருடத்துக்கு ஒரு முறை, டிசம்பர் இரண்டாம் கிழமையில், இரண்டு பொய் சொல்வாள். ஒன்று வேலையிடத்துக்கு. மற்றது அண்ணனுக்கு.

வேலையிடத்தில் சொல்வது இது: "அண்ணையிட்ட ஜேர்மனிக்குப் போறன். டோர்ட்முண்டில கிறிஸ்மஸ் சந்தை பார்க்க." அண்ணனிடம் சொல்வது வேறு: "வேலையிடத்துப் பிள்ளையளோட பிரான்சுக்குப் போறன். ஸ்ட்ராஸ்பூர்க்கில கிறிஸ்மஸ் சந்தை நல்ல வடிவாம்." உண்மையில் அவள் எங்கேயும் போவதில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் கடைக்கு மேலே உள்ள தன் ஒற்றை அறை வீட்டில் திரைச்சீலையை இழுத்துவிட்டு இருப்பாள். வெளியே வெளிச்சம் தெரியக் கூடாது என்று தொலைக்காட்சியைக்கூடப் போடமாட்டாள். பால் முடிந்தால் முடிந்ததுதான், வெறுந்தேத்தண்ணீர்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். மலர் பெரிய கெட்டிக்காரி ஒன்றுமில்லை. ஆனாலும் அவளுடைய புளுகு பதினொரு வருடம் ஓடி, பன்னிரண்டாவது வருடத்தைத் தொட்டிருந்தது.

முதல் தடவை மட்டும் அவள் உண்மையாகவே போனாள். அண்ணன் கணேசலிங்கம்தான் கூப்பிட்டார். நான்கு நாள் நின்றாள். ஒரு நாள் எல்லோருமாக டோர்ட்முண்ட் சந்தைக்குப் போனார்கள். மரக் கொட்டில்கள், வறுத்த பாதாம் மணம், கொட்டிலுக்குக் கொட்டில் மெழுகுதிரி. அண்ணன் மகள் மிதுஷாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மாமியின் கையை அவள் விடவே இல்லை. சப்பாத்து வடிவக் கோப்பையில் சூடான சொக்லேட் வாங்கிக் குடித்தார்கள். குடித்த கோப்பையைக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது மலருக்குத் தெரியாது. துடைத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அவள் அதை வெளியே எடுத்தபோது அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "களவெடுத்துக்கொண்டு வந்திட்டாயடி!" என்றார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ வருடமாகியிருந்தது.

புறப்படுகிற அன்று காலை அண்ணி குசினியில் நின்று, வெம்பிளியில் இருக்கும் தன் தமக்கையோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். "இண்டைக்குப் போறா. இனி வருசம் வருசம் வருவாவோ தெரியேல்லை. தனி ஆள்தானே, வேற எங்க போறது?" அண்ணி கெட்டவள் இல்லை. சொன்னதில் பொய்யும் இல்லை. அதனால்தான் மலருக்கு அது சுட்டது. அதற்குப் பிறகு அவள் அந்தத் திசையில் தலைவைத்தும் படுக்கவில்லை.

கோப்பை மட்டும் லண்டனுக்கு வந்தது. வேலையிடத்தில் அதில்தான் தேத்தண்ணீர் குடிப்பாள். அடுத்த டிசம்பரில் யாரோ, "இந்த வருடமும் அண்ணனிடமா?" என்று கேட்டார்கள். "ஓம்" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த ஓமை விழுங்க முடியுமா? போய் வந்தவளிடம் கோப்பை எங்கே என்றார்கள். இணையத்தில் அதையும் விற்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தாள். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் அந்தந்த வருடத்து இலக்கம் போட்ட கோப்பை ஒன்று தபாலில் வரும், திங்கட்கிழமை அவள் பைக்குள்ளிருந்து வெளிப்படும். வைத்தியசாலையின் தேநீர் அலுமாரியில் இப்போது பதினொரு கோப்பைகள். அதில் ஒன்றுதான் உண்மையானது, அதுவும் களவெடுத்தது. கொரோனா வருடத்தில் மட்டும் கோப்பை இல்லை. அந்த வருடம் அவள் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உலகமே அவளைப்போல வீட்டில் இருந்தது. உண்மையைச் சொன்னால், அவளுக்கு அது ஒரு நல்ல டிசம்பர்.

அண்ணனுக்குச் சொல்லும் பொய்க்கு வேறு காரணம். டிசம்பர் பிறந்தால் அவர் ஒரு தடவை எடுப்பார். "கிறிஸ்மஸுக்கு என்ன செய்யிறாய்?" என்று கேட்பார். "தனியத்தான்" என்று வந்துவிடுமோ என்ற பயம் அந்தக் குரலில் இருக்கும். அவர் மலருக்கு முந்திக் கல்யாணம் செய்தவர். தங்கச்சியைக் கரை சேர்க்காமல் தமையன் தாலி கட்டுவது எங்கள் ஆட்களிடம் அழகில்லை. ஆனால் பெண் வீட்டார் அவசரப்பட்டார்கள், அவர் கட்டிவிட்டார். பிறகு மலருக்கு லண்டனில் பேசி, அவளும் வந்து இறங்கினாள். இரண்டாம் மாதம் மாப்பிள்ளை வீட்டார் சரிவராது என்றார்கள். அதற்குப் பிறகு வந்த எதுவும் சரிவரவில்லை. வயது ஐம்பத்து மூன்றாகிவிட்டது. தமையனும் தங்கையும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. அவள் "ஸ்ட்ராஸ்பூர்க்" என்றவுடன் அவர் அப்பாடா என்று மூச்சு விடுவது டோர்ட்முண்டிலிருந்து கோலியர்ஸ் வுட்டுக்குக் கேட்கும்.

பன்னிரண்டு வருடமாக அவள் காத்திருந்தது ஒரேயொரு வசனத்துக்கு. "ஸ்ட்ராஸ்பூர்க்கை விடு, இங்க வா" என்று அண்ணன் ஒரு தடவை சொல்ல வேண்டும். சொன்னால் அந்தக் கணமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டிருப்பாள், அண்ணி எதைச் சொன்னாலும். அவர் சொல்லவில்லை. இந்த வருடமும், "நல்லதாப் போச்சு. எந்தத் தேதி போறாய்?" என்று மட்டும் கேட்டார். பதின்மூன்றாம் தேதி சனிக்கிழமை அங்கே நிற்பேன் என்று சொல்லியிருந்தாள்.

இந்த வருடம் சிக்கலைக் கொண்டுவந்தது பல் வைத்தியர் பிரியம்வதா. கோயம்புத்தூர்ப் பெண், மலரைவிடப் பதினைந்து வயது இளையவள், வஞ்சகமில்லாத வாய்.

"மலர்க்கா, இந்த வாட்டி எனக்கும் ஒரு கப் வாங்கிட்டு வாங்க. அந்த பூட்ஸ் மாதிரி இருக்குமே, அது. ரெண்டு பேரும் ஒரே மாதிரி வச்சுக்கலாம்."

"அதுக்கென்ன டொக்டர், கொண்டு வாறன்."

மலர் இணையத்தில் இரண்டு கோப்பைக்குச் சொல்லிவைத்தாள். வியாழக்கிழமை பெட்டி வந்தது. தூக்கியபோதே உள்ளே கலகலவென்றது. திறந்து பார்த்தால் இரண்டும் ஓட்டாஞ்சில்லு. இனி இன்னொன்று திங்கட்கிழமைக்குள் வராது. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும், அதற்குக் கோப்பை வேண்டும். தேம்ஸ் ஆற்றோரம் போட்டிருக்கும் கிறிஸ்மஸ் சந்தையில் இதே சப்பாத்துக் கோப்பையில்தான் சொக்லேட் கொடுக்கிறார்கள் என்று பல் பிடுங்க வந்த ஒருவர் சொன்னது நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் திரைச்சீலையை விலக்கித் தெருவைப் பார்த்தாள். பிறகு சால்வையால் தலையையும் காதையும் வாயையும் சுற்றிக்கொண்டு இறங்கினாள். கோலியர்ஸ் வுட்டில் பாதிப் பேருடைய பல் அவளுக்குத் தெரியும், அவர்களுக்கு அவள் முகம் தெரியும். டோர்ட்முண்டில் இருக்க வேண்டியவள் நோர்தர்ன் லைனில் நிற்பதை யாராவது கண்டால் மானம் போய்விடும். நல்ல காலம், யாரும் காணவில்லை. கெனிங்டனில் மாறி, வாட்டர்லூவில் இறங்கி, சனத்தோடு சனமாக ஆற்றங்கரைக்கு நடந்தாள்.

மரக் கொட்டில்கள் வரிசையாக நின்றன. வைக்கோலில் கட்டிய நட்சத்திரம், மரப் பொம்மை, பொரித்த சொசேஜ், இஞ்சி பிஸ்கற். அந்த மணம் மூக்கில் ஏறியவுடன் பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய அந்தச் சின்னக் கை அவள் கைக்குள் வந்ததுபோல இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. கிறிஸ்மஸ் சந்தைக்கு என்று பதினொரு வருடம் பயணம் சொன்னவள், முதல் தடவைக்குப் பிறகு இன்றைக்குத்தான் ஒன்றுக்குள் காலடி வைத்திருக்கிறாள்.

அரை மணி நேரத்தில் நான்கு குடும்பத்தைப் படம் எடுத்துக் கொடுத்தாள். தனியாக நிற்பவளைத் தேடித்தான் எல்லோரும் போனை நீட்டுகிறார்கள். "இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள்" என்று அவள் ஆங்கிலத்தில் சொல்ல, முன்பின் தெரியாத தகப்பனும் தாயும் பிள்ளைகளும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். போனைத் திருப்பிக் கொடுத்தவுடன் சிரிப்பும் போய்விட்டது. உங்களையும் எடுக்கட்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள், அது வேறு விஷயம்.

சொக்லேட் கடையில் இரண்டு கோப்பை வாங்கினாள். ஊர்ப் பெயர் போடாத சிவப்புச் சப்பாத்து. அடியில் மட்டும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, அதை நகத்தால் சுரண்டிவிடலாம். விற்ற பெண் இரண்டிலும் சொக்லேட்டை நிரப்பியே நீட்டினாள். வெறும் கோப்பை போதும் என்று சொல்ல மலருக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு கையிலும் இரண்டு கோப்பையோடு, மற்ற ஆள் எங்கேயோ போயிருப்பதுபோலச் சுற்றிலும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் அந்த நடையைக் கண்டாள். இடது தோளைச் சற்றுப் பதித்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிற நடை. அவளுடைய தகப்பனுக்கும் அதே நடை. கணேசலிங்கம் அண்ணன்.

ஏழு வருடத்துக்கு முன் ஊரில் அம்மாவின் செத்தவீட்டில் நேரே கண்டது. வட்ஸ்அப்பில் அவர் காட்டுவது நெற்றியையும் வீட்டுக் கூரையையும்தான். தலை முழுக்க வெளுத்துவிட்டது என்று அவளுக்குத் தெரியாது. ஒரு கணம், ஒரேயொரு கணம், அண்ணன் தன்னைத் தேடித்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தாள். தான் ஸ்ட்ராஸ்பூர்க்கில் நிற்பதாகச் சொன்னது அந்தக் கணத்தில் அடியோடு மறந்துபோனது. "அண்ணை" என்று கூப்பிட வாயெடுத்து இரண்டு அடி வைத்தும்விட்டாள்.

பிறகுதான் மற்றவர்களைக் கண்டாள். அண்ணி, கோயிலுக்குப் போகிறவள்போலப் பொட்டும் காதில் தொங்கட்டானுமாக. அவளுக்குப் பக்கத்தில் வெம்பிளித் தமக்கை. நாலடி தள்ளி மலருக்குத் தெரியாத ஒரு தம்பதி, இவர்களோடு வந்தவர்கள் இல்லை என்பதுபோல மரப் பொம்மை பார்த்துக்கொண்டு. அந்த அம்மாவின் கண் பொம்மையில் இல்லை. புதுக் கோட்டுப் போட்டு, தலைமயிரை அலை அலையாக விட்டு நின்ற ஒரு பெண்ணைச் சப்பாத்திலிருந்து உச்சி வரை அளந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் மிதுஷா. அவளுக்கு எதிரில் உயரமாக, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு பையன்.

மலருக்கு விளங்க அரை நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. பெண் பார்க்கிறார்கள். ஊரிலே இதைக் கோயில் திருவிழாவில் செய்வார்கள். இரண்டு வீட்டாரும் தற்செயலாகச் சந்தித்ததுபோல வீதியில் நின்று நாலு வார்த்தை பேசுவார்கள். பிடித்தால் மேலே பேசுவது, பிடிக்காவிட்டால் சாமி கும்பிட்டோம் என்று வீட்டுக்குப் போவது. ஒருவருக்கும் குறைவில்லை. இங்கே கோயிலுக்குப் போனால் நாலு தெரிந்த முகம் கண்டு கதை கட்டிவிடும். அதனால் கிறிஸ்மஸ் சந்தை. சரிவரும் வரை வெளி ஆட்களுக்கு மூச்சுக் காட்டக் கூடாது. கண்ணூறு படும் என்பார்கள், யாராவது போய்க் குழப்பிவிடுவார்கள் என்பார்கள்.

வெளி ஆட்களுக்கு. தகப்பனின் கூடப்பிறந்தவள் எப்போது வெளி ஆளானாள்? பையன் வீட்டார் துருவித் துருவி விசாரிப்பார்கள் என்பது மலருக்குத் தெரியாததில்லை. ஒரு மாமி லண்டனில் இருக்கிறாவாம், ஐம்பத்து மூன்று வயதாம், கட்டவில்லையாம், ஏனாம்? அந்த ஏனாமுக்குப் பயந்துதான் அண்ணன் வாயைத் திறக்கவில்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். அந்த ஆயிரத்தில் ஒன்றாகத் தன்னையும் சேர்த்துவிட்டார்கள் என்று நினைத்தபோது, கையில் இருந்த சொக்லேட் தளும்பிக் கையுறையில் ஊற்றியது.

அதைவிடக் கொடுமையான ஒன்று அதற்குப் பிறகுதான் உறைத்தது. எந்தத் தேதி போகிறாய் என்று அவர் கேட்டாரே. மற்றவர்கள் இதற்குப் பஞ்சாங்கம் பார்த்து நாள் வைப்பார்கள். அண்ணன் தங்கச்சி ஊரில் இல்லாத நாளைப் பார்த்து வைத்திருக்கிறார். அந்த நாளை எடுத்துக் கொடுத்தது அவளேதான்.

வைக்கோல் நட்சத்திரம் தொங்கிய கொட்டிலுக்குப் பின்னால் ஒதுங்கினாள். சால்வையை மூக்குவரை இழுத்தாள். போய்விட வேண்டும் என்று கால் சொன்னது, மனம் விடவில்லை. பெரியவர்கள் பிள்ளைகளைத் தனியே பேச விட்டு விலக, மிதுஷாவும் பையனும் சொக்லேட் வாங்கிக்கொண்டு அவளுக்கு ஐந்தடி தள்ளி, முதுகைக் காட்டியபடி வந்து நின்றார்கள். ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். நடுவில் ஒரு சொல் மட்டும் தமிழில் விழுந்தது: மாமி.

தனக்கு லண்டனில் ஒரு மாமி இருக்கிறா என்று மிதுஷா சொன்னாள். தான் சின்னவளாக இருந்தபோது இப்படியொரு கோப்பையை அவ சந்தையிலிருந்து தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டா என்றாள். அதை எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருப்பாளோ, அப்படிச் சரளமாக வந்தது. பையன் சிரித்தான். அவ இன்றைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டான்.

"அவ ஸ்ட்ராஸ்பூர்க்கில்" என்றாள் மிதுஷா. "வருடா வருடம் சிநேகிதிகளோடு எங்காவது சந்தைக்குப் போய்விடுவா. எங்கள் குடும்பத்திலேயே சந்தோஷமாக இருக்கிற ஆள் அவ ஒருத்திதான்."

ஐந்தடி தள்ளி நின்ற சந்தோஷமான ஆள் சால்வையைக் கடித்துக்கொண்டாள்.

அவர்கள் குடைராட்டினத்தின் பக்கம் நடந்தார்கள். மலரின் கோட்டுப் பைக்குள் போன் துடித்தது. கோப்பைகளைக் கொட்டிலின் விளிம்பில் வைத்துவிட்டு எடுத்துப் பார்த்தாள். அண்ணை என்று இருந்தது. இரண்டு கொட்டிலுக்கு இடையால் எட்டிப் பார்த்தாள். அவர் தனியாக ஒதுங்கி ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றார், காதில் போன். எடுக்காமல் விட்டிருக்கலாம். ஆனால் அண்ணன் தானாக எடுக்கிறார். சால்வையை அவிழ்த்துக் காதில் வைத்தாள்.

"மலர்? எங்க நிக்கிறாய்?"

"ஸ்ட்ராஸ்பூர்க்கில அண்ணை. சொன்னனான்தானே."

"ஓமோம், சொன்னனீ. சும்மா எடுத்தனான்."

"நீங்கள் வீட்டிலயோ?"

"ஓம், வீட்டிலதான். வாசல்ல ஸ்னோ வழிச்சுக்கொண்டு நிக்கிறன்."

லண்டன் வானத்தில் ஒரு தூறல்கூட இல்லை. அவருடைய மற்றக் கை கோட்டுப் பைக்குள் இருந்தது.

"மிதுஷா என்ன செய்யிறாள்?"

"படிக்கிறாள். சோதினை வருதெல்லே."

மேலுதட்டில் சொக்லேட் நுரையோடு மிதுஷா குடைராட்டினத்தடியில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் ஆற்றுக்கு அப்பால் மணி அடிக்கத் தொடங்கியது. லண்டனில் பிக் பென் மணி தெரியாதவர் கிடையாது. உலகத்துச் செய்திகளில் எல்லாம் ஒலிக்கிற மணி அது. முதலில் அந்த நீளமான மெட்டு. ஒரு காதில் காற்றில் வந்தது, மற்றக் காதில் போனுக்குள்ளால் ஒரு நொடி பிந்தி வந்தது. பிறகு அடி. ஒன்று, ஒன்று. இரண்டு, இரண்டு. மூன்று, மூன்று. நான்கு, நான்கு. ஸ்ட்ராஸ்பூர்க்கிலும் டோர்ட்முண்டிலும் அப்போது மணி ஐந்து.

"இங்க பக்கத்தில..." என்று தொடங்கிய மலரின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "பக்கத்தில பெரிய சேர்ச் ஒண்டு இருக்கு அண்ணை."

"இங்கயும் இருக்கு" என்றார் அவர்.

அவர் மெல்லத் திரும்பினார். ஒவ்வொரு கொட்டிலாக அவர் கண் வந்தது. மரப் பொம்மை, பிஸ்கற், சொசேஜ். மலர் ஒளிந்திருக்கலாம். ஒரு அடி பின்னால் வைத்தால் போதும். வைக்கவில்லை. பொய் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போயிருந்தாள். நட்சத்திரக் கொட்டிலுக்கு வந்ததும் அவர் கண் நின்றது. அவளைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த இரண்டு கோப்பையையும் பார்த்தார். அவளோடு ஒருவரும் இல்லை என்பதையும் பார்த்தார்.

"மலர்" என்றார். "சாப்பிட்டனியோ?"

"சாப்பிட்டனான்."

"தனியவோ நிக்கிறாய்?"

"இல்லை அண்ணை, பிள்ளையள் நிக்கினம்."

"சால்வையைக் காதை மூடிக் கட்டு. உனக்குக் காதுக்குள்ள குளிர் போனா ஒத்துக்கொள்ளாது."

அவர் ஓர் அடி முன்னால் வைத்தார். அதே நேரம் பையனின் தகப்பன் அவரை நோக்கி நடந்து வருவதை மலர் கண்டாள். இப்போது அண்ணன் வந்தால் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். தங்கச்சி லண்டனில்தான் நிற்கிறாளா, ஏன் சொல்லவில்லை, ஏன் இந்தக் கோலத்தில் தனியே ஒளிந்து நிற்கிறாள் என்று கேள்வி வரும். மிதுஷாவின் காரியம் அந்தக் கேள்வியில் இடறி விழும். மலர் அண்ணனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். வேண்டாம், வராதேங்கோ.

அவர் நின்றுவிட்டார்.

"ஆரோட கதைக்கிறியள்?" என்று பையனின் தகப்பன் கேட்பது போனுக்குள்ளால் கேட்டது. அண்ணன் என்ன சொல்வார்? வேலையிடத்து ஆள் என்று சொல்லலாம். சினேகிதன் என்று சொல்லலாம்.

"என்ர தங்கச்சி" என்றார் அண்ணன். கண்ணை அவளிடமிருந்து எடுக்கவில்லை. "இங்க லண்டனிலதான் இருக்கிறா. இப்ப பிரான்சுக்குப் போட்டா, சந்தை பார்க்க."

"அப்பிடியே? தங்கச்சி இருக்கிறா எண்டு சொல்லேல்லையே."

"சொல்லியிருக்க வேணும்" என்றார் அண்ணன்.

பிறகு போனுக்குள், "வைக்கட்டே?" என்று அவளிடம் கேட்டார்.

"வையுங்கோ அண்ணை. கவனமாப் போட்டு வாங்கோ."

அண்ணி கைகாட்டிக் கூப்பிட, எல்லோரும் பாலத்துப் பக்கம் நடந்தார்கள். அந்த நடை சனத்துக்குள் போய் மறைந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் வந்துவிடுவார், அதனால்தான் பார்க்கவில்லை என்று மலர் அவருக்காக நினைத்துக்கொண்டாள். தலையை ஆட்டியது அவள்தான். ஆனாலும் வந்திருக்கலாம். அவளுக்குக் கோபமாக இருந்தது. அழவேண்டும்போலவும் இருந்தது. என்ர தங்கச்சி என்று அவர் சொன்ன விதத்தை இன்னொரு தடவை கேட்கவேண்டும்போலவும் இருந்தது. சால்வையைக் காதை மூடிக் கட்டிக்கொண்டு, ஆறிப்போன இரண்டு சொக்லேட்டையும் நின்ற இடத்திலேயே குடித்து முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனைப் பக்கத்தில் வைத்திருந்தாள். அது அடிக்கவில்லை. கோப்பையின் அடியில் இருந்த ஸ்டிக்கரைச் சுரண்டினாள். ஒன்றில் மட்டும் கொஞ்சம் பசை மிஞ்சியது. அந்தக் கோப்பையைத் தனக்கு வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்துபோய்த் திரைச்சீலையை விலக்கிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை பிரியம்வதா கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"ஐயோ மலர்க்கா, சூப்பரா இருக்கு! அண்ணன் எப்படி இருக்காங்க? பார்த்தீங்கல்ல?"

வருடா வருடம் வரும் கேள்விதான். "சுகமா இருக்கிறார்" என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டு மலர் கணினிக்குள் முகத்தைப் புதைத்துவிடுவாள். இன்றைக்கு அப்படிச் செய்யவில்லை.

"பார்த்தனான் டொக்டர். தலை முழுக்க வெளுத்துப்போச்சு. வயசு போட்டுது."

"ஆமா, ஆகும்ல. அந்தப் பொண்ணு, மிதுஷாவா, அவ?"

"வளர்ந்து நல்ல வடிவா வந்திட்டாள். கலியாணம் பேசுகினம். பெடியன் நல்ல பெடியன்போல. அவள் கதைக்கேக்க காது குடுத்துக் கேக்கிறான்."

"அண்ணன்கூட உக்காந்து நல்லா பேசினீங்களா?"

"கன நேரமில்லை. சாப்பிட்டனியோ எண்டு கேட்டவர். காதை மூடிக் கட்டச் சொன்னவர்."

சொல்லும்போது மலரின் கண் நிறைந்துவிட்டது. அலுமாரியைத் திறந்து, பன்னிரண்டாவது கோப்பையை வைக்க இடம் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அந்தக் கோப்பைகளுக்கு முன்னால் நின்று அவள் உண்மை பேசியது இன்றைக்குத்தான். பிரியம்வதா அதை எங்கே கண்டாள்? புதுக் கோப்பையைக் குழாயில் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வருஷமும் போவீங்கல்ல? எனக்கும் உங்களை மாதிரி செட்டு சேர்க்கணும்."

"இல்லை டொக்டர். இனி டிசம்பரில நான் ஒரு இடமும் போறேல்லை."

"ஏன்க்கா?"

மலர் களவெடுத்த அந்தப் பழைய கோப்பையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அண்ணை லண்டனுக்கு வந்தா, நான் வீட்டில நிக்கவேணுமெல்லே."